ஊரைப் பிடிக்கவில்லை, கிளம்பலாமா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

போன மாதம் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, எனக்கு இந்த ஊரே பிடிக்கலை. நாங்களும் திருப்பூருக்கு வந்துரவா?" என்றாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு வருவது முதல் தடவை இல்லை. நாங்கள் கிளம்பி வந்த இந்த எட்டு வருஷத்தில் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஆரம்பத்தில் "வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். அப்படி வந்தவர்களில் இரண்டு குடும்பம் கடனோடு திரும்பிப் போனது. அதிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அவளுக்குப் போனில் ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் ஊர் பிடிக்காமல்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஊரைப் பிடிக்கவில்லை என்று சொல்கிற பெண்ணைப் பார்த்தால், பெற்ற தாயைக் குறை சொன்ன மாதிரி எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் வெறுப்பு வளரும், முடிவு வராது. அதனால் முதல் வேலை, என்ன பிடிக்கவில்லை என்பதை எழுதுவது.

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது நாள், தினமும் படுக்கப் போகும் முன்னால், அன்றைக்கு எது உங்களை ஊரை விட்டு ஓட வைக்கப் பார்த்தது என்று ஒரு வரி எழுதுங்கள். "எல்லாமே" என்று எழுதக் கூடாது. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் எழுத ஆரம்பித்தது 2016 கார்த்திகையில். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்துப்போனது. எங்கள் பக்கம் மழையை நம்பித்தான் நெல்லும் குண்டு மிளகாயும். மிளகாய்ச் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் சுருண்டுவிட்டது. நோட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். சில வரிகள்: "தண்ணி வண்டி, காலை 5 முதல் 8 வரை." "பெரியம்மா மறுபடியும் கேட்டது, ஆம்பளைப் பிள்ளை எப்போ என்று." "சாயந்திர பஸ் வரவில்லை, சின்னவளுக்குக் காய்ச்சல், ஆட்டோவுக்கு 400." "ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அழுகை வந்தது."

நாற்பது நாள் முடிந்ததும் அதை நான்காகப் பிரித்தேன். மண்ணாலும் தண்ணீராலும் வந்தது. மனிதர்களால் வந்தது. வேலையும் வரும்படியும் இல்லாததால் வந்தது. எனக்குள்ளேயே இருந்து வந்தது. இந்த நான்கையும் பிரித்துவிட்டால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும். பஸ் ஏறினால் விட்டுப்போகிறவை சில, நம்மோடு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறவை சில. எது எது என்று தெரியாமல் சாமானைக் கட்டினால் திருப்பூரில் இறங்கியதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

என் விஷயத்தில் நான் நினைத்ததும் நோட்டு சொன்னதும் ஒன்றாக இல்லை. பெரியம்மாவும் பக்கத்து வீடும் பேசுகிற பேச்சுதான் என்னைத் துரத்துகிறது என்று நம்பியிருந்தேன். எண்ணிப் பார்த்தால் அது ஏழு வரிதான். தண்ணீர் பதினேழு. கையில் காசில்லாதது பதினொன்று. மீதி ஐந்தில் நான்கு, என்ன காரணம் என்றே எழுதத் தெரியாத அழுகை. சின்னவள் பிறந்ததிலிருந்தே அது இருந்திருக்கிறது. அதற்கு ஊர் மாற்றம் மருந்தில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. இங்கே வந்தும் இரண்டு வருஷம் தொடர்ந்தது. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்த பிறகுதான் குறைந்தது. உங்கள் நோட்டில் அந்த மாதிரி வரிகள் அதிகம் இருந்தால், ஊரில் இருக்கும்போதே மாவட்ட அரசு மருத்துவமனையில் போய்க் காட்டுங்கள். கிளம்புகிற முடிவை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம் போனால் போதும்?

இதை யாரும் கேட்பதில்லை. பிடிக்காத ஊர் என்றாலே கோயம்புத்தூர், திருப்பூர், சென்னை என்று தாண்டிவிடுகிறோம். என் சின்ன அண்ணனுக்கு ஊரில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பது. அவன் பரமக்குடியில் வாடகைக்கு வீடு பிடித்து, பைக் மெக்கானிக் கடை போட்டான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோடு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிறான். சண்டையே இல்லை. அவன் திருப்பூருக்கு வந்திருந்தால் தேவையில்லாமல் ஒரு தொழிலையும் பழக்கவழக்கத்தையும் இழந்திருப்பான். உங்கள் நோட்டில் ஒரே ஆள், ஒரே வீடு திரும்பத் திரும்ப வந்தால், முதலில் பக்கத்து டவுனைப் பாருங்கள்.

மனிதர்களில் இன்னொரு வகை இருக்கிறது. எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்டுத்தான் டீ கிளாஸை எடுப்பார்கள் என்கிற நிலைமை. அது ஒரு ஆளோ ஒரு வீடோ இல்லை, பக்கத்து டவுனுக்குப் போனாலும் முழுதாக விடாது. நினைவு நாள், ஜெயந்தி என்று செப்டம்பர், அக்டோபரில் சாதிப் பதற்றமும் 144-ம் வருகிற எங்கள் மாவட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். இதற்காகத் தூரமாகப் போகிறவர்களை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். இங்கேயும் வீடு பார்க்கும்போது "நீங்க எந்த ஊருங்க, என்ன ஆளுங்க" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். ஆனால் கம்பெனிக்குள் எட்டு மணி நேரம் உங்கள் கை வேகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் இருந்து வந்த ஒரு பெண், இங்கே லைன் சூப்பர்வைசராகி முப்பது பேரை வேலை வாங்குவதைப் பார்க்கிறேன். ஊரில் அவளை நாற்காலியில் உட்கார விட்டிருக்க மாட்டார்கள்.

புது ஊரைப் பற்றி யாரிடம் கேட்பது

தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு வருகிறவர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் போனஸ் வாங்கிய வாரத்தில் யாருக்கும் ஊர் இனிக்கும். போய்விட்டுத் திரும்பி வந்தவர்களிடம் கேளுங்கள். கிராமத்துக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் ஊரில் ஒரு மாமா இருந்தார். அவர்தான் "ஒன்றரை ஷிப்ட்" என்றால் என்னவென்று எனக்குச் சொன்னார். ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம், ஒன்றரை என்றால் பன்னிரண்டு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வருவது. "சம்பளம் நல்லாத்தான் வந்துச்சு, பிள்ளைகளை நான் முழிச்சிருக்கையில பாக்கவே இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பத்துப் பேர் சொன்னதைவிடப் பயன்பட்டது. நான் ஒரு ஷிப்ட்டுக்கு மேல் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

நாமே போய்ப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே போனால் மழை, பச்சை, தண்ணீர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் அதைவிடக் குறைவு. மலை மறைவில் இருக்கிற பூமி. எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாக வந்து, கண்மாய் கரையில்லாமல் கிடப்பதால் ஓடிவிடுகிறது. இங்கே மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து பவானித் தண்ணீர் குழாயில் வருகிறது. அதுவும் தினம் வராது. நாங்கள் முதலில் இருந்த லைன் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகள்) நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருநாள், மற்றதுக்கெல்லாம் போர் உப்புத் தண்ணி. என் பதினேழு வரியில் பாதி இங்கேயும் அப்படியே இருந்தது. ஒரு வித்தியாசம்: தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை வைத்து இரண்டு கிலோமீட்டர் தள்ளவில்லை. வாசலில் பிடித்தேன். அந்த மூன்று மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அதனால்தான் வேலைக்கே போக முடிந்தது.

நாற்பத்தைந்து நாள் ஒத்திகை

குடும்பத்தோடு கிளம்பாதீர்கள். முதலில் ஒரு ஆள், ஒரு பை, நாற்பத்தைந்து நாள். என் வீட்டுக்காரர் 2017 தை மாதத்தில் வந்து, ஊர்ப் பையன்கள் நாலு பேர் இருந்த ரூமில் தங்கி நிட்டிங் கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்தார். பத்து நாள் கழித்து நான் சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்து பத்து நாள் இருந்தேன். பெரியவளை ஆத்தா பார்த்துக்கொண்டது.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பது முக்கியம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் உள்நாட்டு ஆர்டர் நெருக்கும், யார் போய் நின்றாலும் வேலை கொடுப்பார்கள். அப்போது பார்த்துவிட்டு முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மந்தமான மாதத்தில் வாருங்கள். இந்த ஊரின் சோறு வெளியூர்க்காரன் கையில் இருக்கிறது. நாங்கள் குடிவந்தது 2017 வைகாசியில், ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன ஜாப் ஒர்க் கம்பெனிகள் தடுமாறி எங்களுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டதும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஓவர்டைம் நின்றது. மழை பொய்த்தால் மிளகாய் போவது மாதிரிதான் இதுவும். வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் ஆர்டரைப் பார்க்கிறோம்.

அந்த நாட்களில் நீங்கள் பார்க்க வேண்டியவை: விடிகாலை தண்ணீர் பிடிக்கிற இடம், கக்கூஸ் எத்தனை வீட்டுக்கு ஒன்று, வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிற வழி, பக்கத்து அரசுப் பள்ளி, உடம்பு சரியில்லாமல் ஒருநாள் ரூமில் படுத்தால் யார் கஞ்சி கொடுப்பார்கள் என்பது. கடைசியாகச் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இங்கே எல்லோரும் 'வாங்க, போங்க' என்று பேசுவார்கள். சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்பார்கள். "ஏ பிள்ளை, இங்க வா" என்று கேட்டே வளர்ந்த எனக்கு முதல் வாரம் மாலை போட்ட மாதிரி இருந்தது. அடுத்த வாரம் காய்ச்சலில் கிடந்தபோது கதவைத் தட்ட ஒருவருமில்லை. ஊரில் என்னை வாட்டிய அதே பெரியம்மா மல்லிக்காப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கும். யாரும் விசாரிக்காத நிம்மதி வேண்டுமென்றால், யாரும் விசாரிக்காத காய்ச்சலும் சேர்ந்துதான் வரும். இரண்டையும் தாங்க முடியுமா என்று அந்த நாட்களில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு

சம்பளத்தை மாதக் கணக்கில் போடாதீர்கள். இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். வருஷத்துக்கு 52 வாரம் என்றால் 40 வாரம் வேலை இருக்கும் என்று போடுங்கள். அதில் குடும்பம் ஓடினால் வரலாம். நான் செக்கிங்கில் (தைத்த துணியைச் சரிபார்க்கிற வேலை) சேர்ந்தபோது ஷிப்ட்டுக்கு 220 ரூபாய். ஒன்றரை வருஷம் கழித்து ஓவர்லாக் தையல் மிஷின் பழகின பிறகுதான் 380 ஆனது. கைத்தொழில் தெரியாமல் வருகிறவர்கள் முதல் வருஷத்தை ஹெல்பர் சம்பளத்தில்தான் ஓட்ட வேண்டும். ஊரில் இருக்கும்போதே யாரிடமாவது தையல் மிஷினில் கால் பழக்கிக்கொண்டு வந்தால் ஆறு மாதம் மிச்சம்.

கம்பெனியில் சேரும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளி குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு) உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம் கையிலிருந்து பிடிப்பது 0.75 சதவீதம்தான், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். இ.எஸ்.ஐ. இல்லாத சின்ன யூனிட்டில் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தாலும், பிள்ளைகள் இருந்தால் இ.எஸ்.ஐ. இருக்கிற இடத்தையே எடுங்கள்.

வாடகையில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். முதல் வீட்டுக்கு 20,000 அட்வான்ஸ் கொடுத்தோம், ஒரு சீட்டுக்கூட எழுதி வாங்கவில்லை. ஒரு வருஷத்தில் காலி செய்தபோது சுவர் அழுக்கு, குழாய் உடைந்தது என்று சொல்லி 8,000தான் திரும்பி வந்தது. போன 12,000 என் ஒன்பது வார உழைப்பு. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. லைன் வீட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் சட்டென்று சம்மதிக்க மாட்டார்கள். குறைந்தது கொடுத்த தொகையையும் தேதியையும் ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், காசை ஜிபேயில் அனுப்புங்கள், வீட்டை உள்ளே போட்டோ எடுத்து வையுங்கள். கரண்டுக்கு யூனிட் எத்தனை ரூபாய் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சப்மீட்டர் வைத்து பத்து ரூபாய் வாங்குகிற இடம் உண்டு.

எல்லோரும் மறக்கிற செலவு ஒன்று: ஊர். கிளம்பிவிட்டால் ஊர்ச் செலவு நின்றுவிடாது. காதுகுத்து, கல்யாணம், கேதம் (சாவு), களரி (குலசாமி கும்பிடு), பொங்கல் என்று எங்களுக்கு வருஷத்துக்கு ஆறு, ஏழு தடவை கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் ஏறி, தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை என்று விடிய விடிய உட்கார்ந்து போக வேண்டியிருக்கிறது. நாலு பேர் டிக்கெட், இரண்டு நாள் வேலை போனது, செய்முறை, எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு ஒன்றரை மாதச் சம்பளம். நமக்கு வந்த மொய்யை நாம் திருப்பித்தான் ஆக வேண்டும். மொய் நோட்டைப் பார்த்து, அடுத்த மூன்று வருஷத்தில் யார் யாருக்குச் செய்ய வேண்டும் என்று எழுதி, அதையும் கணக்கில் சேருங்கள்.

பிள்ளைகள், பெரியவர்கள்

பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுவதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். அரசுப் பள்ளியில் நடு வருஷத்தில்கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் டவுனுக்கு வந்துவிட்டோம் என்று கடன் வாங்கி மெட்ரிகுலேஷனில் தள்ளிவிடாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு கைகொடுக்கும். என் பெரியவளை ஆறாம் வகுப்பில் ஒரு தனியார் பள்ளிக்கு மாற்ற இருந்தேன். அவள் டீச்சர் கூப்பிட்டு மருத்துவ இடஒதுக்கீட்டைப் பற்றிச் சொன்னதால் நிறுத்திக்கொண்டேன். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள்.

ரேஷன் அரிசி இப்போது எந்த ஊர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அட்டையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், ஒரு வருஷம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

பெரியவர்கள் விஷயம் கடினமானது. என் மாமியாரைக் கூட்டி வந்து மூன்று மாதம் வைத்திருந்தோம். பத்துக்குப் பத்து அறை, வாசலில் வேப்பமரம் கிடையாது, பேச ஆளில்லை. "நூறு நாள் வேலைக்குப் போனாலும் நாலு பேரோட மண்ணு வெட்டுவேன், இங்க செவத்தத்தான் பாக்குறேன்" என்று திரும்பிப் போய்விட்டது. அதைத் தனியாக விட்டதில் எனக்கு இன்றைக்கும் சமாதானம் இல்லை. கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: யார் தினமும் போய்ப் பார்ப்பார்கள், மாத்திரை யார் வாங்கிக் கொடுப்பார்கள், அவர்களுக்கு நாம் என்ன செய்வோம். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் அது உங்கள் மதினி தலையில் விழும், உறவு கசக்கும்.

திரும்பும் வழி

வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வராதீர்கள், குறைந்தது மூன்று வருஷத்துக்கு. நகையை அடகு வைத்துக்கூட வரலாம், நிலத்தை விற்று வரக் கூடாது. திரும்பிப் போன அந்த இரண்டு குடும்பத்தில் ஒன்று விற்றுவிட்டு வந்தது. திரும்பிப் போய்ச் சொந்த ஊரிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள்.

விற்காமல் சும்மா போட்டாலும் பாழ்தான். எங்கள் பக்கத்து மண்ணை இரண்டு வருஷம் உழாமல் விட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். நாங்கள் அப்படித்தான் விட்டோம். 2020-இல் ஊரடங்கில் ஊருக்குப் போனபோது எங்கள் ஒன்றரை ஏக்கருக்குள் ஆள் நுழைய முடியவில்லை. கரிமூட்டம் போடுகிறவருக்கு விறகை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அப்புறம் தூரைத் தோண்ட ஜேசிபிக்குக் கொடுத்தது 14,000. அதனால் கிளம்புகிற வருஷமே யாரிடமாவது வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்று பேசி, விட்டுவிடுங்கள். ஒரு மூட்டை மிளகாய் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, உழுதால் போதும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். திருப்பூரிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நடப்பது இரண்டு நாள் சம்பளம் ஒவ்வொரு தடவையும்.

அண்ணன் மகள் இப்போது நோட்டு எழுதுகிறாள். இருபத்திரண்டாவது நாள். வாட்ஸப்பில் போட்டோ அனுப்புகிறாள், நான் படிப்பதில்லை, நாற்பதும் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் அவள் புருஷன் மட்டும் ஒரு பையோடு வரட்டும். கோவில்வழியில் இறங்கிப் போன் பண்ணினால் என் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு போவார். தலைகாணி, போர்வை கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது. ஆதார், பேங்க் பாஸ்புக், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பூட்டு, அவ்வளவு போதும்.